இழுத்து விடு

முதுநகர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கராசு என்றால் யாருக்கும் தெரியாது. பி.டி. மாஸ்டர் என்றால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். எந்த நோவுக்கும் அவரிடம் ஒரே வைத்தியம்தான்: நெஞ்சை நிமிர்த்து, மூச்சை நன்றாக இழுத்து விடு. வயிற்றுவலி என்று வந்து நிற்கிற பையனுக்கும் அதே, மனைவி புஷ்பவள்ளியின் ஆஸ்துமாவுக்கும் அதே. "பம்பு அடிச்சிப் பழகிட்டா அப்புறம் அதுக்கு அடிமைதான்" என்று டாக்டர் கொடுத்த இன்ஹேலரைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். மனிதருக்குக் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. கொடுமையே அதுதான்.

2007 மார்கழியில் ஒரு காலை, ஆட்டோ வருவதற்குள் புஷ்பவள்ளி போய்விட்டாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் மாஸ்டர் ஒன்றையே சொன்னார். "அவ சரியா இழுக்கல." இரண்டு வருஷமாக அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவருக்குச் சோறு இறங்கியது. அது பொய்யாகிவிட்டால் அவளைக் கொன்றது அவர்தான் என்று ஆகிவிடும்.

புஷ்பவள்ளியின் தம்பி அறிவழகன் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், மூச்சைச் சோதிக்கும் மெஷினுக்கு டெக்னீஷியன். கருமாதியோடு பேச்சை விட்டவன் திடீரென்று போன் செய்தான்.

"ஒரு ஆராய்ச்சிக்கு நோயில்லாத ஆளுங்க வேணும். வர்றீங்களா மாமா?"

மச்சான் மனசு இறங்கிவிட்டான் என்று மாஸ்டர் முதல் பஸ்ஸிலேயே கிளம்பினார்.

டாக்டர் பிரீதா அவர் மூக்கில் கிளிப்பை மாட்டி, வாய்வழியாக ஒரு மருந்தை ஆவியாகக் கொடுத்தார். மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கிற தசையை அது சுருக்குமாம். "நான் சொல்ற வரைக்கும் சின்னச் சின்னதாத்தான் மூச்சு வுடணும் சார்."

கொஞ்ச நேரத்தில் நெஞ்சு அடைத்தது. அவர் மார்பிலிருந்தே விசில் சத்தம் வந்தது. பதினாறு வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட சத்தம்.

"இப்ப நல்லா இழுத்து வுடுங்க."

இழுத்தார். இரண்டாவது மூச்சிலேயே எல்லாம் திறந்துகொண்டது.

"பாத்தீங்களா டாக்டர்! இதத்தான் என் பொஞ்சாதிகிட்ட தலபாடா அடிச்சிக்கிட்டேன்!" பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி சிரித்தார்.

பிரீதாவுக்கு அவர் கதை தெரியாது. "அவுங்களுக்கு ஆஸ்துமாவா? அப்ப தெறக்காது சார். உங்க தசை, இழுத்தா தளந்துடும். அவுங்களுது இழுத்த ஒடனே திரும்பவும் இறுக்கிப் புடிச்சிக்கும். செல பேருக்கு முன்னவிட ஜாஸ்தியாவே."

"இன்னும் பத்து தடவ இழுத்தா?"

"எத்தன தடவ இழுத்தாலும் அப்பிடித்தான். அதுக்குத்தான பம்பு குடுக்கறோம்."

மூக்கில் மாட்டிய கிளிப்போடு மாஸ்டர் வெளியே வந்தார். அறிவழகன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை.

"எங்க அக்காவுக்கு இழுக்கத் தெரியலன்னு இனிமே யாருகிட்டயும் சொல்லாதீங்க. அதுக்குத்தான் கூப்புட்டேன்."

மாஸ்டர் மூக்கிலிருந்த கிளிப்பைக் கழற்றினார். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"நல்லாத்தான் இழுத்தாடா. நான் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே இருந்தேன். நாப்பத்தாறு வரைக்கும் வந்தா. நான் நிறுத்துன்னு சொல்லாம அவ எதையும் நிறுத்த மாட்டா."

மாஸ்டர் கையிலிருந்த கிளிப்பைத் திறந்து திறந்து மூடினார்.

"நான் சொல்லவே இல்லடா."