ஒரு கேள்வி, ஒரு பதில்

என்னைக் கேட்டால், ஒரு பையனை வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்க வைப்பதில் தப்பே இல்லை. படித்துவிட்டு வந்ததும் கம்பெனியை அவன் கையில் கொடுப்பதுதான் தப்பு. எங்கள் பெரிய முதலாளி இரண்டையும் செய்தார்.

பீளமேட்டில் பம்ப் செய்யும் கம்பெனி எங்களுடையது. பெரிய முதலாளியின் மகன் கிருபாசங்கர் எம்.டி.யாக வந்து உட்கார்ந்த முதல் வாரமே சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். கேன்டீனில், லேத் பக்கத்தில், ஏன், கக்கூஸ் கதவில்கூட: 'ஒரு கேள்வி, ஒரு பதில்'. நாங்கள் ஒரு மணி நேரம் பேசினால் அதில் ஐம்பது நிமிஷம் வளவளப்பு என்று கணக்கெடுத்திருக்கிறாராம். இனிமேல் நேரடியாகக் கேட்க வேண்டும், நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும், தன்னையும் வெறும் 'கிருபா' என்று பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று மீட்டிங் போட்டுச் சொன்னார். எல்லோரும் எழுந்து, "சரிங்க கிருபா சாருங்க" என்றோம்.

நான் டிஸ்பாட்ச்சில் பதினாலு வருஷம். பம்ப் பேக்கிங் ஆனதிலிருந்து லாரி கேட்டைத் தாண்டும் வரை என் பொறுப்பு. மேனேஜர் சாமுவேல் சார் கையெழுத்துப் போடுவார். எந்த டிரைவர் எந்த ஊருக்குப் போவார், யார் டயர் எந்த லட்சணத்தில் இருக்கிறது, யாரிடம் எப்படிச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமையும் லோடு ஏற்றுவார் என்பதெல்லாம் எனக்குத்தான் தெரியும். சாமுவேல் சாரே இதை ஒத்துக்கொள்வார், நல்ல மனுஷன்.

அவர் ஆகஸ்டில் ரிட்டயர் ஆகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அந்த நாற்காலி எனக்கு வேண்டும். மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? ஸ்கூட்டியில் வரும்போதும் அதே யோசனை, வெங்காயம் நறுக்கும்போதும் அதே யோசனை. 'டிஸ்பாட்ச் மேனேஜர் பிரவீனா' என்று ஒருநாள் பால் கணக்கு நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் கண்ணில் படாமல் கிழித்துப் போட்டேன்.

ஜூலை கடைசியில் கிருபாசங்கர் என்னைக் கூப்பிட்டார். லேப்டாப் திறந்திருந்தது.

"பிரவீனா, சாமுவேல் சார் இடத்துக்கு நீங்க வர்றீங்களா?"

அப்போது நான் சொன்ன பதிலை இன்றைக்கு நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"நமக்கெதுக்குங்க சார் அதெல்லாம்? எத்தனையோ பெரியவங்க இருக்கறாங்க."

வெளியூர்க்காரர்கள் சிரிக்கக்கூடும். எங்கள் பக்கத்து முறை அது. யாராவது ஒன்றைக் கொடுத்தால் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை, "உங்களுக்கெதுக்குங்க சிரமம்" என்று இழுக்க வேண்டும். மூன்றாவது தடவை, "இவ்வளவு தூரம் சொல்றீங்க, தட்டவா முடியும்" என்று வாங்கிக்கொள்ள வேண்டும். காபியிலிருந்து கல்யாணச் சீர் வரைக்கும் இதேதான். கொடுப்பவருக்கும் இது தெரியும், அதனால் அவரும் விடாமல் மூன்று தடவை கேட்பார். முதல் தடவையே கையை நீட்டுகிறவரை ஊர் சும்மா விடாது.

நான் இரண்டாவது கேள்விக்காகக் காத்திருந்தேன். கிருபாசங்கர் லேப்டாப்பில் ஏதோ தட்டினார்.

"சூப்பர் பிரவீனா. இப்படித்தான் தெளிவாப் பேசணும். தேங்க்ஸ்."

அவ்வளவுதான்! நான் மெதுவாக எழுந்தேன், நாற்காலியைச் சரியாகத் தள்ளி வைத்தேன், கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு, "அப்ப நான் வரட்டுங்களா சார்?" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டேன். தலையை நிமிர்த்தாமலே கையை ஆட்டினார்.

மூன்றாம் நாள் மெயில் வந்தது. புதிய டிஸ்பாட்ச் மேனேஜர் மதன்குமார்.

மதன்குமார் டிசைன் பிரிவில் கம்ப்யூட்டரே கதியென்று உட்கார்ந்திருக்கும் ஆள். மோட்டார் படத்தை வளைத்து வளைத்து வரைவான், நன்றாகவும் வரைவான். ஆனால் ஒரு லாரி டிரைவர் குரலை உயர்த்தினால் இவனுக்கு வியர்க்கும். எனக்கு வந்ததே கோபம்! பதினாலு வருஷம் வெயிலில் நின்று டிரைவர்களோடு மல்லுக்கட்டியது நான், நாற்காலி இவனுக்கா? வாழ்த்துச் சொல்லக்கூட நான் போகவில்லை. அவனே கேன்டீனுக்கு என்னைத் தேடி வந்தான், முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அக்கா, நான் வேண்டாம்னுதானுங்க சொன்னேன்."

"என்னன்னு சொன்னே?"

"'ஆகட்டுங்க சார், பொறவு பாத்துக்கலாங்க'ன்னு சொன்னேனுங்க."

நான் பெருமூச்சு விட்டேன். "தெளிவாத்தான் சொல்லியிருக்கறே" என்றேன். எங்கள் ஊரில் இதைவிடத் தெளிவாக ஒருவர் மறுக்க முடியாது.

"நீங்க என்னுங்க சொன்னீங்க?"

"'நமக்கெதுக்குங்க'ன்னேன்."

"அய்யோ, இதுக்கு மேல எப்படிக்கா கேக்கறது? அவருக்கு இதுகூடப் புரியலீங்களா?" என்று அவன் தலையில் கை வைத்தான். பாவம், எனக்காகவும் சேர்த்து வருத்தப்பட்டான். எனக்கு அவன்மேல் இருந்த கோபம் அப்போதே போய்விட்டது.

யாராவது போய் எம்.டி.யிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும். "நீங்க பெரியவங்க, நீங்க சொன்னாத்தானுங்க மரியாதை" என்றான் அவன். "உனக்குத்தான பதவி குடுத்திருக்கறாங்க, நீ சொல்றதுதான் முறை" என்றேன் நான். இப்படியே ஆகஸ்ட் முழுக்க ஓடியது. சாமுவேல் சாருக்கு மாலை போட்டு அனுப்பிவைத்தோம். அதுவரைக்கும் வாயே திறக்கவில்லை, இரண்டு பேரும்.

செப்டம்பர் முதல் திங்கட்கிழமை கேட்டில் ஒன்பது லாரி நின்றது. மதன்குமார் ஒவ்வொரு டிரைவரிடமும் போய், "முடிஞ்சா கொஞ்சம் முன்னால எடுத்துக்குங்களேன்" என்று கேட்டுக்கொண்டிருந்தான். முடியாது என்று சிலர் பீடி பற்ற வைத்தார்கள், மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். ராஜ்கோட் போக வேண்டிய சரக்கு விஜயவாடா லாரியில் பாதி ஏறிவிட்டது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஓடக் கால் பரபரத்தது, வைராக்கியமாக உட்கார்ந்தேன். பதினோரு மணிக்கு எம்.டி. கூப்பிட்டார்.

"பிரவீனா, மதனுக்கு ஆறு மாசம் கூட இருந்து எல்லாத்தையும் சொல்லிக் குடுப்பீங்களா?"

ஒரு கேள்வி. ஒரு பதில்.

"மாட்டேன் சார்."

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது எனக்கே அதிர்ச்சி. பின்னால் ஒரு 'ங்க' கூடப் போட மறந்துவிட்டேன். ஃபைலோடு நின்றிருந்த ஹெச்.ஆர். மௌனிகா சுவர்ப் பக்கமாக நகர்ந்தாள்.

"என்ன சொன்னீங்க?" என்றார் கிருபாசங்கர்.

"மாட்டேன்னு சொன்னேனுங்க."

"இல்ல பிரவீனா, ஒரு நாலு மாசமாவது..."

"முடியாதுங்க சார்."

"சரி, ரெண்டு மாசம். எனக்காக. கொஞ்சம் பாருங்கக்கா."

அக்கா! வெளிநாட்டுப் படிப்பு மூன்று நிமிஷத்தில் காணாமல் போனது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"ஏனுங்க சார், இப்ப மாட்டேன்னு சொன்னதும் மூணு தடவ கேக்கறீங்க. அன்னைக்கு மேனேஜர் வேலைக்கு மட்டும் ஏனுங்க ஒரு தடவையோட நிறுத்திப் போட்டீங்க?"

"நீங்கதானே வேண்டாம்னீங்க?"

"அது மரியாதைக்குச் சொன்னதுங்க! இன்னொருக்கா கேட்டிருந்தா வாரேன்னு சொல்லியிருப்பேன். உங்கப்பா பம்ப் சங்கத்துக்குத் தலைவரானாருங்களே, நாலு தடவ வேண்டாம்னு சொல்லிப்போட்டுத்தானுங்க ஒத்துக்கிட்டாரு. மொதத் தடவையே அவரை விட்டுட்டு வேற ஆளைப் பாத்திருந்தா ஊட்டுல என்ன ஆயிருக்கும்னு நீங்களே கேட்டுப் பாருங்க."

நான் நிறுத்துகிற நிலையில் இல்லை.

"எனக்கு அந்த வேலை வேணுமுங்க. பதினாலு வருசமா வேணுமுங்க. மதன்குமாருக்கு வேண்டாமுங்க, அவன் டிசைனுக்கே போகட்டும். இதுதானுங்க என்ர பதில்."

கிருபாசங்கர் ஜன்னலுக்கு வெளியே நின்ற லாரிகளைப் பார்த்தார். அப்புறம், "போய் அந்த ராஜ்கோட் லோடைச் சரி பண்ணுங்க. மெயில் நான் போடறேன்" என்றார்.

மத்தியானத்துக்குள் ஒன்பது லாரியும் கேட்டைத் தாண்டிவிட்டன. சாயங்காலம் மெயில் வந்தது. 'தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட சிறு இடைவெளியை நிர்வாகம் தன் முயற்சியால் கண்டறிந்து சீர்செய்திருக்கிறது' என்று அரைப் பக்கம் தன்னைத் தானே பாராட்டிக்கொண்டு, கடைசி வரியில் என் பெயரைப் போட்டிருந்தார். மதன்குமார் ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

மறுநாளே மௌனிகா ஒரு படிவம் தயாரித்துவிட்டாள். முதல் முறை கேட்டபோது, இரண்டாம் முறை கேட்டபோது, மூன்றாம் முறை கேட்டபோது என்று மூன்று கட்டம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்து. இப்போது எங்கள் கம்பெனியில் ஸ்டேப்ளர் பின் டப்பா ஒன்று வாங்குவதற்கே அரை மணி நேரம் ஆகிறது. கிருபாசங்கர் இதை ஏதோ மாநாட்டில் பேசப் போகிறாராம்.

நான் சொல்ல வந்தது அதையில்லை. மெயில் வந்த அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. உடனே கேட்டார்:

"அவங்களாக் குடுத்தாங்களா, நீயாக் கேட்டயா?"

"நானேதான் கேட்டேனுங்க. வேணும்னு மூஞ்சிக்கு நேராக் கேட்டேன்."

மலர்ந்த முகம் கொஞ்சம் சுருங்கியது. "சரி, அதுக்கென்ன" என்றார். அதுக்கென்ன என்று சொல்லிக்கொண்டே அன்னூருக்கு அவர் அம்மாவை போனில் கூப்பிட்டார்.

"அம்மா, பிரவீனாவுக்கு மேனேஜர் வேலை குடுத்துட்டாங்க. இவ வேண்டாம்னுதான் சொன்னா. அவங்க விடலியாம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் பிடுங்கினேன். காலையில் எம்.டி. முகத்துக்கு எதிரே பேசியவள் நான். இங்கே பேச எனக்கு என்ன பயம்?

"அத்தை..."

"கண்ணு, ரொம்பச் சந்தோசம்" என்றார் அத்தை. என் மாமியார் பழனாத்தாள் என்றால் அன்னூர்ச் சொந்தத்தில் ஒரு பேர் உண்டு. இன்றுவரை யாரிடமும் வாய்விட்டு ஒன்று கேட்டதில்லை என்பதுதான் அந்தப் பேர். "கேட்டு வாங்கற குடும்பமா நம்மளது? அவங்களாக் கூப்புட்டுக் குடுத்தாங்க பாரு, அதுதான் கண்ணு பெருமை. அவங்களாத்தான குடுத்தாங்க?"

சொல்ல வேண்டியது மூணே வார்த்தை. இல்லீங்கத்தை, நான்தான் கேட்டேன். தொண்டை வரைக்கும் வந்தது. மதியம் ஒன்பது லாரியைக் கிளப்பியவள் போனைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"ஏங்கண்ணு, அவங்களாத்தான?" என்று அத்தை இரண்டாம் தடவை கேட்டார்.

"ஆமாங்கத்தை" என்றேன். "அவங்களாத்தானுங்க குடுத்தாங்க."