நாற்பத்து மூன்று பேரும் ஆஜர்

காசிநாதன் வாத்தியாரின் மூன்றாம் வகுப்பில் நாற்பத்து மூன்று பிள்ளைகள். வருகைப் பதிவேட்டில் நாற்பத்து மூன்று பேரும் தினந்தோறும் ஆஜர். அம்மை வார்த்த வீட்டுப் பிள்ளையும் ஆஜர், சித்தி கல்யாணத்துக்கு வாலாஜாபாத் போன பிள்ளையும் ஆஜர். வகுப்பில் தலையை எண்ணினால் முப்பதைத் தாண்டாது. வராதவர்களைப் பற்றி அவருக்கு ஒரு புகாரும் கிடையாது. சத்தம் போடுவதில்லை, ஒற்றை விரலைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவதில்லை, வாய்ப்பாட்டில் தப்பு விடுவதில்லை. தன்னிடம் படித்ததிலேயே உருப்படியான மாணவர்கள் அவர்கள்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இது அவராகக் கண்டுபிடித்த வித்தை அல்ல. நெசவுத் தெருவில் இருந்த அந்தப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்தால் இருக்கிற இரண்டு வாத்தியார் வேலையில் ஒன்று போய்விடும். கடைசியாகச் சேர்ந்தவர் காசிநாதன். ஆகவே போகிற வேலை யாருடையது என்பதில் குழப்பம் இல்லை.

"ஒரு கோடு போடறதுக்குக் கை வலிக்குதா சார்?" என்பார் தலைமையாசிரியை கமலாட்சி.

வலிக்கவில்லை. பத்து மணிக்கு, தலையை நிமிர்த்தாமலேயே, மேலிருந்து கீழே நாற்பத்து மூன்று கோடு போட்டுவிடுவார். பன்னிரண்டு வருஷ சர்வீஸில் அவர் கை தேர்ந்த வேலை அது ஒன்றுதான். மற்றொன்று பிரம்பு.

வராதவர்களில் ஒருத்தி கலாவதி. எட்டு வயசு. அப்பா இல்லை. அம்மா பொன்னியம்மாள் வீடு வீடாகப் போய்ப் பட்டு நூல் இழைத்துக் கொடுப்பவள். தாய்மாமன் முனுசாமி தறிக்காரன். புடவையின் உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாக இருந்தால் இரண்டையும் கோர்வை போட்டுச் சேர்க்க வேண்டும். அதற்குத் தறியில் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து, கரைக்கு ஊடுநூல் ஓட்டும் மரக்கட்டையை, நாடாவை, தள்ளிக் கொடுக்க வேண்டும். பெரிய ஆள் வேண்டியதில்லை, சின்னக் கை போதும். கலாவதியின் கை அதற்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. காலையெல்லாம் மாமன் தறியில் உட்காருவாள். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது அலுமினியத் தட்டோடு பள்ளிக்கு ஓடி வருவாள். சில நாள் சாப்பிட்டுவிட்டு வகுப்பில் இருப்பாள், பல நாள் ஓடிப்போவாள்.

பள்ளியில் சேர்த்த அன்றைக்குப் பொன்னியம்மாள், எல்லாத் தாய்மாரும் சொல்வதையே சொன்னாள்: "கண்ணு ரெண்டை மட்டும் வுட்டுட்டு தோலை உரிச்சுடுங்க சார்." அதையே தம்பியிடமும் சொல்லித்தான் தறியில் உட்கார வைத்திருந்தாள்.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம் அந்தப் பெண் சிலேட்டின்மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டது. காசிநாதன் எழுப்பி, உள்ளங்கையில் இரண்டு போட்டார். அழவில்லை. யாரும் கேட்காமலே மற்றொரு கையையும் நீட்டியது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது. அவர் அப்படிப்பட்ட ஆள்தான்.

அதற்குப் பிறகு அவள் கழுத்தில் ஒரு நீலத் தழும்பு பார்த்தார். "விழுந்துட்டேன் சார்" என்றாள். கழுத்து அடிபடும்படி எப்படி விழுவது என்று அவர் கேட்கவில்லை. கமலாட்சியிடம் சொன்னார்.

"தாய்மாமன் வூட்டு விஷயம் சார். நாம போயி இன்னான்னு கேக்கறது?" என்றார் கமலாட்சி.

அந்தப் பதில் காசிநாதனுக்கு ரொம்ப சௌகரியமாக இருந்தது. வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

நிலாவில் ஆள் இறங்கின வருஷம் அது. ஆவணி முகூர்த்தங்களுக்காகத் தெருவில் ஒரு தறியும் ஓயவில்லை. மத்தியான மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். காசிநாதன், நிலாவில் சோறு கிடைக்காது, இங்கே கிடைக்கிறது, ஆகவே காஞ்சிபுரமே உசத்தி என்று சொல்லிக்கொண்டே கரண்டியால் பரிமாறிக்கொண்டிருந்தார். ஒரு தட்டு அவர் முன்னால் நீண்டது. தட்டில் ஏற்கெனவே ஏதோ சிவப்பாக இருந்தது.

நிமிர்ந்தார். கலாவதியின் இடது கண் இருந்த இடத்தில் கண் இல்லை. வீங்கிய சதை இருந்தது. அதன் நடுவில் ஒரு பிளவு. ரத்தம் கன்னத்தில் இறங்கி, மோவாயில் சேர்ந்து, தட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணிமையில் சிவப்புப் பட்டிழை ஒன்று ஒட்டியிருந்தது.

"சோறு போடுங்க சார்" என்றாள். "சீக்கிரம் போவணும். மாமா வரச் சொல்லிச்சு."

கரண்டி கீழே விழுந்தது. முன்வரிசைப் பிள்ளை ஒன்று வாந்தி எடுத்தது.

"யாரு அடிச்சது?"

"நாடாவுல."

"யாரும்மா?"

"இழை அறுந்துடுச்சு சார்."

சைக்கிளின் முன்கம்பியில் அவளைத் துண்டைப் போட்டு உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். வழி முழுக்க அவள் தட்டை விடவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, "கருவிழியே கிழிஞ்சு போச்சு. இந்தக் கண்ணு தேறாது" என்றார். நாடாவின் முனையில் இரும்புப் பூண் இருக்கும். காசிநாதன் பொன்னியம்மாளுக்கு ஆள் அனுப்பினார். அவள் வந்து பிள்ளையைப் பார்த்தாள். கத்தவில்லை. சுவரில் தலையை ஒரு தடவை மோதிக்கொண்டாள், அவ்வளவுதான்.

காசிநாதன் நேரே போலீசுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பள்ளிக்கு வந்தார், மேஜைமேல் இருந்த பிரம்பை எடுத்தார், முனுசாமி வீட்டுக்குப் போனார். தன் உயரத்துக்கு இருக்கிற ஓர் ஆள்மேல் வாழ்நாளில் முதல் தடவையாகப் பிரம்பை ஓங்கினார். அந்த ஓங்கல் நன்றாகத்தான் இருந்தது. இறங்கும்போதுதான் சிக்கல். முனுசாமி பிரம்பை அந்தரத்திலேயே பிடுங்கிக்கொண்டான்.

"என் அக்கா பொண்ணு. நான் அடிப்பேன், கொல்லுவேன். நீ யாருய்யா?"

முதல் அடி தோளில். இரண்டாவது காதில். மூன்றாவதைத் தடுக்கக் கையை நீட்டினார், உள்ளங்கையில் விழுந்தது. இத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்குப் போட்டது எப்படி எரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். பின்னால் நகர்ந்தவர் தறிக்குழியில் விழுந்தார். மிதிகட்டைகளுக்கு இடையில் கால் சிக்கிக்கொண்டது. மேலே பாதி நெய்த சிவப்புப் புடவை. அதன் ஓரத்தில் இரண்டு சொட்டு, புடவையின் சிவப்போடு சேராத சிவப்பு. முனுசாமி மேலிருந்து அடித்துக்கொண்டே இருந்தான். தலையில், முதுகில், மூடிக்கொண்ட விரல்களில். பிரம்பு முறிந்த பிறகுதான் நின்றான்.

அவன் முட்டாள் இல்லை. முறிந்த பிரம்பை ஒரு கையிலும் காசிநாதனின் சட்டைக் காலரை இன்னொரு கையிலும் பிடித்து, தெருவே பார்க்க ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"இந்த வாத்தியார் எங்க பொண்ணு கண்ணைக் குத்திட்டு, என் வூட்டுக்குள்ளயே பூந்து ரகளை பண்றான் சார்!"

சப்-இன்ஸ்பெக்டர் ஃபக்ருதீன் டீயை வைத்துவிட்டு, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அடி வாங்கினவன்தான் ரகளை செய்தவன் என்பதை நம்பக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"பொண்ணு காலைலருந்து எங்க இருந்துது?"

"இஸ்கூல்ல சார். ரிஜிஸ்தரைப் பாத்துக்கோங்க" என்றான் முனுசாமி.

அந்தத் தெருவில் ரிஜிஸ்தர் எப்படி எழுதப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். முனுசாமிக்கும் தெரியும்.

ரிஜிஸ்தரைக் கமலாட்சியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். ஃபக்ருதீன் விரல் வைத்துப் பார்த்தார். கலாவதி. இன்றைய தேதி. ஒரு கோடு, அழகான கோடு.

"உம்ம கையெழுத்துதானே வாத்தியாரே?"

"ஆமா சார். ஆனா..."

"அப்ப பொண்ணு உம்மகிட்டதான் இருந்திருக்குது."

"அவ கண்ணுல பட்டிழை ஒட்டிக்கினு இருந்துது சார்."

"இந்த ஊர்ல பட்டிழை இட்லிலயும்தான் கிடக்குது."

அப்போது பொன்னியம்மாள் வந்தாள். இடுப்பில் கலாவதி, பாதி முகத்துக்குக் கட்டு. ஃபக்ருதீன் எழுந்து வந்து பெண்ணின் முன்னால் குனிந்தார். "பயப்படாதம்மா. உன்னை யாரு அடிச்சாங்க?"

கலாவதியின் ஒற்றைக் கண் மாமன் பக்கம் போனது. அங்கேயே நின்றது.

"சார் அடிச்சாரு" என்றாள்.

இல்லை என்று காசிநாதன் எப்படிச் சொல்வார்? அடித்தார்தான். ஜூன் மாதம், உள்ளங்கையில் இரண்டு.

ஃபக்ருதீன் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். குரல் இளகியது. "இதோ பாருங்க. வாத்தியார் அடிச்சா கேஸுன்னு இதுவரைக்கும் யாரும் இங்க வந்ததில்ல. கை தவறிப் பட்டுடுச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. எல்லாரும் வூட்டுக்குப் போகலாம். உங்க வேலைக்கும் ஒண்ணும் ஆவாது."

காசிநாதனுக்குச் சிரிப்பு வந்தது, உதடு கிழிந்திருந்ததால் சிரிக்க முடியவில்லை. செய்யாததை ஒப்புக்கொண்டால் வேலை தங்கும். செய்ததை ஒப்புக்கொண்டால் வேலை போகும். கமலாட்சி அவரைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார்: எழுதிக் கொடுங்க சார்.

முனுசாமியும் பெருந்தன்மையானான். அவர் முதுகைத் தட்டினான், அடித்த இடத்திலேயே. "போவட்டும் சார். நானும் மனசுல வெச்சுக்கல. கலா, எறங்கு. வா போவலாம். பொடவை பாதில நிக்குது."

பெண் அம்மாவின் இடுப்பிலிருந்து இறங்கியது. இரண்டு அடி வைத்தது. இடது பக்கம் இருந்த பெஞ்சு தெரியாமல் முட்டிக்கொண்டது. சத்தம் போடாமல் மறுபடி நடந்தது. யாரும் கேட்காமலே மற்றொரு கையையும் நீட்டிய அதே பெண். கரை நாடா தள்ள ஒரு கண் போதும். அந்தக் கண்ணும் எத்தனை நாளைக்கு?

"பேனா குடுங்க" என்றார் காசிநாதன்.

ஃபக்ருதீன் காகிதத்தையும் நகர்த்தினார். காசிநாதன் காகிதத்தை எடுக்கவில்லை, ரிஜிஸ்தரை இழுத்தார். ஜூன் மாதத்துக்குத் திருப்பி, கலாவதியின் காலைக் கோடுகளை ஒவ்வொன்றாக அடித்தார். விரல் வீங்கியிருந்ததால் கோடு கோணியது. ரத்தம் வேறு இழுகியது. ஜூலையை அடித்தார். ஆகஸ்டை அடித்தார்.

"சார், இன்னா பண்றீங்க!" கமலாட்சி கையைப் பிடித்தார். "உங்களோட என்னையும் சேத்து..."

"தெரியும் டீச்சர்."

"அரசாங்க ரிக்கார்டைத் திருத்துறீரு, தெரியுதா?" என்றார் ஃபக்ருதீன்.

"திருத்தினது முன்னாடி சார். இப்ப நேராக்கறேன்." ஓரத்தில் எழுதினார்: இவள் ஒரு நாளும் காலையில் வந்ததில்லை. வந்ததாக நான் பொய் எழுதினேன். கையெழுத்துப் போட்டார். "கேளுங்க சார். காலைல இவ பள்ளிக்கூடத்துல இல்ல. பின்ன எங்க இருந்தா?"

ஃபக்ருதீன் மெல்லத் திரும்பிப் பொன்னியம்மாளைப் பார்த்தார்.

அவள் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கண்ணை வுட்டுடுன்னுதானேடா சொன்னேன்" என்றாள்.

"அக்கா, சும்மா இரு."

"மத்ததெல்லாம் உனக்குத்தானே குடுத்தேன். கண்ணை மட்டும்தானேடா வுடச் சொன்னேன்!"

"மூணு இழை அறுத்துட்டா அக்கா! தூங்கிக்கினே அறுத்துட்டா! கைல அப்ப நாடாதான் இருந்துது, நான் இன்னா..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. மேஜைமேல் இருந்த உருட்டுத்தடியைப் பாய்ந்து எடுத்தான். சப்-இன்ஸ்பெக்டர், இரண்டு கான்ஸ்டபிள், ஒரு தலைமையாசிரியை கண்ணெதிரே காசிநாதனின் வாயில் அடித்தான். பல் இரண்டு ரிஜிஸ்தரின்மேல் விழுந்தது, மூன்றாம் வகுப்புப் பக்கத்திலேயே. மறுபடி ஓங்கினவனைக் கான்ஸ்டபிள்கள் கீழே தள்ளி மிதித்தார்கள். தேவைக்கு மேலேயே மிதித்தார்கள். கலாவதி அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். காசிநாதன் போய் அவள் முகத்தைத் தன் வேட்டியில் மறைத்துக்கொண்டார். வேட்டியும் பார்க்கிற மாதிரி இல்லை.

முனுசாமிக்கு மூன்று மாதம். தண்டனை பெண்ணின் கண்ணுக்கா, ஸ்டேஷனில் வைத்து அடித்ததற்கா என்று காசிநாதன் கேட்டுக்கொள்ளவில்லை. காசிநாதனுக்கு சஸ்பென்ஷன். மற்ற நாற்பத்திரண்டு பேரின் கோடுகளையும் மேலதிகாரிகள் எண்ணிப் பார்த்தார்கள். பள்ளியில் அவர் பார்த்த இரண்டாவது வாத்தியார் வேலையே ரத்தானது. தெருவில் அவர் சைக்கிள்மேல் இரண்டு தடவை கல் விழுந்தது. இப்போது அவர் "ச" சொன்னால் காற்றுதான் வருகிறது. தன் பெயரைச் சொல்ல மூன்று தடவை முயல வேண்டியிருக்கிறது, அதுவரை யாரும் நின்று கேட்பதில்லை என்பார்.

ஆனால் தினமும் ஒன்பதரைக்குப் பொன்னியம்மாள் வீட்டு வாசலில் நிற்பார். கலாவதிக்கு இடது பக்கம் வருவது தெரியாது. கரண்ட் கம்பத்தில் மோதிக்கொள்வாள், மாட்டின்மேல் மோதிக்கொள்வாள். அதனால் அவர் இடது பக்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடப்பார். முதல் வாரம் அவர் கையை உயர்த்தித் தலையைச் சொறிந்தால்கூட அவள் தோளைக் குறுக்கிக்கொள்வாள். பிறகு அவர் தலையைச் சொறிவதை நிறுத்திவிட்டார்.

பள்ளி வாசலில் நின்றுகொள்வார். உள்ளே போக உத்தரவில்லை. எல்லா வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்துக் கமலாட்சி பெயர் கூப்பிடுவார். வேலிக்கு வெளியே நன்றாகக் கேட்கும்.

"கலாவதி."

"உள்ளேன் டீச்சர்."

காசிநாதன் சைக்கிள் சீட்டின் தூசியில் விரலால் ஒரு கோடு போட்டார்.

"கிருஷ்ணவேணி" என்று அடுத்த பெயர் வந்தது. பதில் இல்லை. கமலாட்சி மறுபடி கூப்பிட்டார். அப்போதும் இல்லை. காசிநாதன் விரலைத் தூசியிலிருந்து எடுத்தார். கிருஷ்ணவேணியின் வீடு எந்தத் தெரு என்று யோசித்துக்கொண்டே சைக்கிளைத் திருப்பினார்.