இருட்டில் திறக்கும் பாஸ்வேர்டு

அவளுக்குத் துருவி என்று பெயர் வைத்தது கூடப்பிறந்த அக்காதான். யார் என்ன சொன்னாலும் "அது எப்படி?" என்று துருவித் துருவிக் கேட்கிற குணம். கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலைக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. கூட வேலை பார்க்கிறவர்கள் பழுதைச் சரிசெய்த கையோடு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். இவள் மட்டும் சரியான பிறகும் உட்கார்ந்திருப்பாள். ஏன் கெட்டது என்று தெரியாமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க அவளுக்கு மனசு வராது.

அன்று காலை அவள் போன இடம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. அக்காவும் தம்பியுமாக நடத்துகிற கடை. தம்பி பின்னறையில் லென்ஸ் தேய்ப்பார். அக்கா முன்னால் கவுன்டரில் ஃபிரேம் எடுத்துக் காட்டி, யாருக்கு என்ன பவர் என்று கம்ப்யூட்டரில் பதிவு செய்வார். துருவி வாசலில் கால் வைப்பதற்குள் தம்பியே வெளியே வந்து அவளை மடக்கினார். சட்டை முழுக்க வெள்ளைப் பொடி.

"உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லிடறேன். நேத்து காலையில ஏதோ அப்டேட்னு வந்துச்சு. அதுக்கப்புறம் ஆன் பண்ணா திரை ஒரே கறுப்பு. என் மச்சான் போன்ல சொல்லச் சொல்ல, எப்படியோ சேஃப் மோடுக்குக் கொண்டு வந்துட்டேன். அங்க திரை நல்லாத் தெரியுது. ஆனா பாஸ்வேர்டு கேக்குது. அதை அக்கா மறந்துட்டாங்க."

"எழுதி வைக்கலையா சார்?"

"மறந்தா தானே எழுதி வச்சதைத் தேடறதுக்கு? மறக்கவே இல்லைன்னு சாதிக்கறாங்க." அவர் குரலை இறக்கினார். "எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. அறுபது வயசு கூட ஆகல. கடைசியில நாங்க யாருன்னே தெரியாமப் போயிட்டாங்க. அக்காவுக்கு இப்ப அம்பத்தெட்டு. அதனால நீங்க கொஞ்சம் பார்த்துப் பேசுங்க. பேசாம எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டாலும் சரி."

துருவி தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

அக்கா கவுன்டருக்குப் பின்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். தூங்காத கண்கள். கம்ப்யூட்டர் திரையில் பாஸ்வேர்டு கேட்கிற கட்டம் ஒன்று மட்டும் சும்மா துடித்துக்கொண்டிருந்தது.

"வாம்மா. என் தம்பி வாசல்லயே எல்லாம் சொல்லியிருப்பானே," என்றார். "எனக்கு மறக்கல. ஏழு வருஷமா தினம் காலையில அடிக்கறேன். எப்படியும் மாத்தத்தான் போறேன், உன்கிட்ட சொல்றதுக்கு என்ன? கண்ணாடின்னு இங்கிலீஷ் எழுத்துல, அப்புறம் இந்த @, அப்புறம் கடை ஆரம்பிச்ச வருஷம்."

"அடிங்க அக்கா, நான் பார்க்கறேன்."

அக்கா கீபோர்டைப் பார்க்கக்கூட இல்லை. விரல்கள் தாமாக ஓடின. தவறு என்றது திரை. பெரிய எழுத்து விசை அழுந்தியிருக்கிறதா என்று துருவி பார்த்தாள். இல்லை. வலது ஓரத்து எண் விசைகள் வேலை செய்யவில்லையோ என்று பார்த்தாள். அக்கா மேல்வரிசை எண்களைத்தான் அடித்தார். மறுபடி அடிக்கச் சொன்னாள். மறுபடியும் தவறு.

"சரி, இன்னொரு தடவை அடிங்க. என்டர் மட்டும் தட்டாதீங்க." கட்டத்தின் ஓரத்தில் இருந்த சின்னக் கண் படத்தை துருவி அழுத்திப் பிடித்தாள். புள்ளிகள் விலகி எழுத்துகள் தெரிந்தன. கண்ணாடி, @, வருஷம். ஒரு எழுத்து பிசகவில்லை.

"அட, அந்தக் கண்ணு இதுக்குத்தானா?" என்றார் அக்கா. "கண்ணாடிக் கடையில உக்காந்துக்கிட்டு ஏழு வருஷமா அது என்னன்னு நான் கேக்கவே இல்ல பாரு."

தம்பி பின்னறை வாசலில் வந்து நின்றார். "எழுத்து சரியா இருந்தா மட்டும் போதுமா அக்கா? பாஸ்வேர்டே வேறயா இருக்கலாம்ல? நடுவுல எப்பவாவது மாத்தியிருப்ப, ஞாபகம் இருக்காது."

"மாத்தல."

"மாத்தினதே மறந்திருந்தா?"

அந்தக் கேள்விக்கு யார்தான் பதில் சொல்ல முடியும்? மாற்றியதை மறந்துவிடவில்லை என்று எதைக் காட்டி நிரூபிப்பது? அக்காவின் விரல்கள் கீபோர்டிலிருந்து மெல்ல இறங்கி மடியில் போய் உட்கார்ந்துகொண்டதை துருவி பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு டிரைவர் உள்ளே வந்தார். கையில் இரண்டாக உடைந்த கண்ணாடி. வண்டியில் உட்காரும்போது தானே அதன் மேல் உட்கார்ந்துவிட்டாராம். ஒரு பக்க லென்ஸ் மட்டும்தான் கையில் இருந்தது. இன்னொன்று தூள்.

"கம்ப்யூட்டர் ஓடலையே," என்று தம்பி தயங்கினார். "பவர் சீட்டு இருக்கா?"

"சீட்டு எதுக்கு?" என்றார் அக்கா. "இவருக்கு வலது மைனஸ் ரெண்டே முக்கால், இடது மைனஸ் மூணேகால். இடதுல மட்டும் சிலிண்டர் பவர் அரை. போன வருஷம் மழை நாள்ல வந்தாரு, கூட அவர் பொண்ணு வந்திருந்தா."

டிரைவர் ஆமாம் ஆமாம் என்றார். தம்பி மிச்சமிருந்த இடது லென்ஸை வாங்கிக்கொண்டு போய் பவர் பார்க்கிற கருவியில் வைத்தார். கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார். "மூணேகால்," என்றார் கடைசியில். "சிலிண்டர் அரை."

துருவிக்குள் ஒரு கேள்வி ஊற ஆரம்பித்தது. ஒரு வருஷத்துக்கு முன்னால் வந்தவரின் கண் பவரை முக்கால், கால் சுத்தமாகச் சொல்கிறவர், தினமும் அடிக்கிற பாஸ்வேர்டை மறப்பாரா? மறக்கலாம், மனித மூளை அப்படியும் செய்யும். ஆனால் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் விடை கடைசிவரை தெரியாது. இந்த அம்மாள் மடியில் கையை வைத்துக்கொண்டு, அம்மாவை நினைத்தபடியே மிச்ச நாளை ஓட்டுவார்.

"அக்கா, கடைசியா எப்ப அடிச்சு இது திறந்துச்சு?"

"நேத்து காலையில."

"நேத்து காலையிலதான் திரை கறுப்பாச்சே?"

"ஆமா. கறுப்பாத்தான் இருந்துச்சு. நான் பழக்கத்துல அடிச்சேன். திறந்துச்சு."

தம்பி அக்காவின் முதுகுக்குப் பின்னாலிருந்து துருவியைப் பார்த்தார். பார்த்தீர்களா என்கிற பார்வை.

"திரையே தெரியலையே அக்கா, திறந்துச்சுன்னு எப்படித் தெரியும்?" துருவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பில் மெஷின் சத்தம் போட்டுச்சேம்மா. உள்ள நுழைஞ்சதும் கடைக் கணக்கு தானாத் திறக்கும். அது திறந்தா இந்தக் குட்டி பிரின்டர் கிர்ர்னு ஒரு தடவை கத்தும். இவன்கிட்ட சொன்னேன். இவன் காதுல வாங்கினாத்தானே?"

"காத்துல ஏதாவது சத்தம் வந்திருக்கும்," என்றார் தம்பி.

"பார்த்துடலாமே," என்றாள் துருவி.

கம்ப்யூட்டரை மறுபடி போட்டாள், இந்த முறை சாதாரணமாக. முதலில் கம்பெனிச் சின்னம் வந்தது. அப்புறம் இருட்டு. திரை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத கறுப்பு. ஒரு நிமிடம் பொறுத்தாள். "இப்ப அடிங்க அக்கா. நேத்து எப்படி அடிச்சீங்களோ அப்படியே."

அக்கா என்டரை ஒருமுறை தட்டினார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். திறந்து வைத்திருந்தாலும் பார்க்க ஒன்றும் இல்லை. கடைசி என்டர். டிரைவர் உடைந்த ஃபிரேமைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

கிர்ர்ர் என்றது பிரின்டர்.

"ஏய்!" என்றார் அக்கா. எழுந்தே நின்றுவிட்டார். "கேட்டுச்சா? கேட்டுச்சாடா?"

தம்பி பிரின்டரைத் தொட்டுப் பார்த்தார். "ஆன் பண்ணாலே சத்தம் வருமோ என்னவோ," என்றார். துருவி விடவில்லை. மறுபடி போட்டு, இந்த முறை வேண்டுமென்றே ஒரு எழுத்தை மாற்றி அடிக்கச் சொன்னாள். பிரின்டர் ஊமையாக இருந்தது. சரியாக அடித்ததும் கிர்ர்ர்.

"உங்களுக்கு ஒண்ணும் மறக்கல அக்கா," என்றாள் துருவி. "பாஸ்வேர்டு சரி. இருட்டுல அடிச்சா திறக்குது, வெளிச்சத்துல அடிச்சா திறக்கல. அதே விரல், அதே கீபோர்டு. அது எப்படி?"

கடைசி வார்த்தைகளை அவள் யாரிடமும் கேட்கவில்லை. இனி அவளை அந்த நாற்காலியிலிருந்து எழுப்ப முடியாது.

சேஃப் மோடு என்பது கம்ப்யூட்டர் அரைத் தூக்கத்தில் எழுந்திருக்கிற மாதிரி. அத்தியாவசியமானதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வாசலிலேயே நிறுத்திவிடும். புதிதாக வந்த திரை மென்பொருளை நிறுத்தியதால்தான் அங்கே படம் தெரிகிறது. அப்படியென்றால் கூடவே வேறு எதை நிறுத்தியது? பாஸ்வேர்டு அடிப்பதில் சம்பந்தப்பட்டது எது? கீபோர்டு. இந்தக் கீபோர்டு எந்த நாட்டு முறையில், அமெரிக்க முறையிலா பிரிட்டிஷ் முறையிலா, பேசுகிறது என்கிற தேர்வு. சேஃப் மோடு அந்தத் தேர்வையும் வாசலிலேயே விட்டிருந்தால், கீபோர்டு தன் ஆரம்பப் பழக்கத்துக்கே திரும்பியிருக்கும். ஆனால் எழுத்துகள் எல்லா இங்கிலீஷ் கீபோர்டிலும் ஒன்றுதான். எண்களும் அப்படியே. மாறுவது குறிகள் மட்டும்.

துருவி சட்டென்று நிமிர்ந்தாள். "அக்கா, இந்தக் கம்ப்யூட்டர்ல ஈமெயில் முகவரி அடிக்கும்போது @ எப்படி அடிப்பீங்க?"

"அதுவா? அதை ஏன் கேக்கற. இந்த மெஷினுக்கு அது ஒரு கோணல் புத்தி. ரெண்டுக்கு மேல அந்தக் குறி அச்சடிச்சிருக்கும். அதை அடிச்சா மேற்கோள்குறி வரும். மேற்கோள்குறி படம் போட்ட விசையை அடிச்சாத்தான் @ வரும். வாங்கின நாள்லேருந்தே அப்படித்தான். எனக்குப் பழகிப்போச்சு."

"அப்ப பாஸ்வேர்டுக்கு எந்த விசை?"

"ரெண்டு மேல இருக்கிறது," என்றார் அக்கா. சொன்ன பிறகு அவரே நின்றுவிட்டார். விரலைத் தூக்கிப் பார்த்தார். "ஆமா, ரெண்டுதான். அங்க என்ன வருதுன்னு தெரியாதே, வெறும் புள்ளிதானே தெரியும். படம் போட்டிருக்கிறதைப் பார்த்து அடிச்சேன்."

"அப்ப ஏழு வருஷமா உங்க பாஸ்வேர்டுல @ இல்லவே இல்ல. மேற்கோள்குறிதான் இருந்திருக்கு. உங்க விரலுக்கு அது தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது. சேஃப் மோடுல கீபோர்டு ஒழுங்கா நடந்துக்கிச்சு. படம் போட்டிருக்கிறதையே அடிச்சுது. அதனால தப்புன்னு சொல்லிடுச்சு."

"ஒழுங்கா இருந்ததுதான் தப்பாப் போச்சா?" என்று டிரைவர் கேட்டார். அவரும் இப்போது கவுன்டர் மேல் சாய்ந்திருந்தார்.

கம்ப்யூட்டரை மறுபடி சேஃப் மோடுக்குக் கொண்டுவந்தாள் துருவி. கண்ணாடி. மேற்கோள்குறி படம் போட்ட விசை. வருஷம். என்டர் தட்டும் வேலையை அக்காவிடமே விட்டாள். திறந்தது. நாலு மூலையிலும் சேஃப் மோடு என்று எழுதிய கறுப்புத் திரையில் கடைக் கணக்கின் சின்னம் பழையபடி உட்கார்ந்திருந்தது.

மிச்சம் கால் மணி நேர வேலை. நேற்று வந்த திரை மென்பொருளைத் தூக்கிவிட்டுப் பழையதைப் போட்டாள். சாதாரணமாகத் திறந்து பார்த்தாள், திரை பளிச்சென்று வந்தது. கீபோர்டு அமைப்பையும் சரிசெய்து, புதுப் பாஸ்வேர்டு போட அக்காவை உட்கார வைத்தாள். அக்கா கண் படத்தை அழுத்தி அழுத்திப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துக்கொண்டார். அப்புறம் டிரைவரின் பதிவைத் திறந்து, தம்பி பக்கம் திரையைத் திருப்பினார். மைனஸ் ரெண்டே முக்கால். மைனஸ் மூணேகால்.

டிரைவர் போன பிறகு தம்பி கவுன்டரின் இந்தப் பக்கம் வந்து நின்றார். "அக்கா, ஒண்ணு சொன்னா திட்டாத. வியாழக்கிழமை பிரஷர் பார்க்கப் போகணும்னு சொன்னேன்ல. அது பிரஷர் இல்ல. ஞாபக மறதிக்குப் பார்க்கற டாக்டர். உன்கிட்ட சொல்லாமலே நேரம் வாங்கிட்டேன். இப்பவே போன் பண்ணி வேணாம்னு சொல்லிடறேன்."

துருவி ஒயரைச் சுற்றிப் பைக்குள் வைப்பதில் ரொம்ப மும்முரமாக இருந்தாள்.

அக்கா ஒரு ஃபிரேமை எடுத்துத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்ததுதான்.

"ராத்திரி பூரா நான் என்ன பண்ணேன்னு தெரியுமா?" என்றார். "அம்மாவோட பழைய போன் நம்பர், நம்ம பழைய வீட்டுக் கதவு நம்பர், உன் பள்ளிக்கூட ரோல் நம்பர், எல்லாத்தையும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் வந்துச்சு. வந்தும் தூக்கம் வரல."

"அக்கா..."

"வேணாம்னு சொல்லாத. போவோம். இது என் தப்பில்லைன்னு இந்தப் பொண்ணு கண்டுபிடிச்சிட்டா. ஆனா சில பேர் எதிர்ல வந்து சிரிக்கறப்ப, பேர் நாக்கு நுனியில வந்து நின்னுடுதுடா. எல்லாருக்கும் வர்றதா, அம்மாவுக்கு வந்ததான்னு எனக்குத் தெரியாது. பயந்துக்கிட்டே உக்காந்திருக்கறதுக்குப் போய்க் கேட்டுட்டு வந்துடலாம்."

தம்பி தலையாட்டினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். லென்ஸ் பொடி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

"ஆனா ஒண்ணு," என்றார் அக்கா, புது ஃபிரேம்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே. "டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன். எனக்கு என்ன ஞாபகம் இருக்கு, என்ன இல்லைன்னு நீ சொல்லக் கூடாது. நீ வெளியில உக்காரு."