முகப்பில் பூசிய சந்தனம்

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், இதை நான் ஏற்கெனவே வாயால் நாலைந்து இடத்தில் சொல்லிவிட்டேன் என்பதுதான். நகரி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு தடவை, மச்சான் வீட்டு விருந்தில் ஒரு தடவை, நெசவாளர் சங்கக் கூட்டத்தில் ஒரு தடவை. எல்லா இடத்திலும் நன்றாக எடுபட்டது. எல்லா இடத்திலும் பொய் சொன்னேன். எழுதினாலாவது ஒழுங்காகச் சொல்கிறேனா என்று பார்க்கத்தான் இப்போது பேனாவைத் திறந்திருக்கிறேன்.

என் பெயர் நாகபூஷணம். நகரியில் ஆறு விசைத்தறி வைத்திருக்கிறேன், ஆறும் ஓடுகின்றன. கதையைக் கோடு போட்ட நோட்டில் கையால் எழுதுவேன். என் மனைவி தேவசேனா அதைக் கணினியில் அடித்துப் பத்திரிகைக்கு அனுப்புவாள். அடிக்கும்போது தனக்குத் தோன்றுவதைச் சதுர அடைப்புக்குள் சேர்ப்பது அவள் பழக்கம். எடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டாள். நானும் விட்டுவிட்டேன்.

[ரெண்டுதான் ஓடுது. — தேவசேனா]

2

முதல் வரிக்கு வருவோம்.

"புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, திருப்பதி சாலையில் வண்டிகள் எறும்புகளைப் போல..." வேண்டாம். எறும்பை எல்லாரும் எழுதியாயிற்று.

"மனிதன் இயந்திரத்திடம் தன்னை ஒப்படைத்துவிட்ட இந்த நூற்றாண்டில்..." இது கட்டுரை. அதிலும் யாரும் முழுசாகப் படிக்காத கட்டுரை.

"அவளுக்கு வலது முழங்கால் வலித்தது." இது இருக்கட்டும்.

தேவசேனா திருப்பதியில் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். பத்தொன்பது வருட வேலை. அவள் ஊசி குத்தினால்தான் கையை நீட்டுவேன் என்று அடம்பிடிக்கிற நோயாளிகள் அங்கே இருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் ஆயிற்று. நிற்கலாம், நடக்கலாம். பஸ் படி ஏறுவதும், நெரிசலில் பிரேக்கை மிதித்து மிதித்து எடுப்பதும் ஆகாது என்றார் டாக்டர்.

அவள் விடவில்லை. முன்னால் போகிற வண்டியைப் பார்த்துத் தானே வேகத்தைக் குறைத்து, தானே நின்று, முன்வண்டி நகர்ந்ததும் ஸ்டியரிங்கில் ஒரு பொத்தானைத் தட்டினால் தானே கிளம்புகிற காராகத் தேடி வாங்கினாள்.

எங்களுக்குள் ஒரு பேச்சு ஏற்பட்டது. கூட்டமான ஒரு நாளில் நகரியிலிருந்து திருப்பதி வரைக்கும் அவள் காலைக் கெடுத்துக்கொள்ளாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். முடிந்தால் வேலையில் தொடர்வாள். முடியாவிட்டால் ராஜினாமா. நிபந்தனை போட்டது நான், நாளைக் குறித்தது அவள்.

"மூணாவது சனிக்கிழமையா? அன்னிக்கு மலைக்குப் போற ஜனம் மொத்தமும் ரோட்ல இருக்குமே," என்றேன்.

"அதுக்குத்தான் சொல்றேன். அன்னிக்கு ஓட்டிட்டா அப்பறம் நீ வாயத் தொறக்க மாட்டே இல்ல?"

3

நகரியிலிருந்து புத்தூர் வரைக்கும் எழுத ஒன்றுமில்லை. எழுத்தாளனாக எனக்கு அது பெரிய எரிச்சல்.

ரோடு அகலப்படுத்தும் வேலை நடக்கிறது. பாதி தூரம் ஒற்றை வழி. லாரி, ஷேர் ஆட்டோ, மஞ்சள் வேட்டியோடு நடந்துபோகும் கூட்டம். முன்னால் ஒரு லாரி நின்றது, எங்கள் காரும் நின்றது. லாரி நகர்ந்தது, தேவசேனா பொத்தானைத் தட்டினாள், கார் நகர்ந்தது. பத்தடி போய் மறுபடி நின்றது. நான் எண்ணிக்கொண்டே வந்தேன். அவள் கால் பிரேக்கை மிதித்தது மூன்றே தடவை, மூன்றும் ஆட்கள் குறுக்கே வந்தபோது.

"காலை எடுத்துட்டு ஹாயா உக்கார வேண்டியதுதானே, அதான் எல்லாத்தையும் அதுவே பாத்துக்குதே," என்றேன்.

"தூங்கறதுக்கா வாங்கினேன்? கண்ணு என்னுது, கையி என்னுது. காலு நோவு மட்டும்தான் அதனுது. நீ பேசாம வா."

இந்த இடத்தில் எனக்கு ஒரு கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. அவள்மேல் இல்லை, பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறானே, அவன்மேல். மனைவி ஜெயித்துக்கொண்டிருக்கிறாள். அவன் சந்தோஷப்பட வேண்டும். புத்தூர் நெருங்க நெருங்க அவன் முகம் ஏன் சுருங்குகிறது?

[இத இப்பத்தான் கேக்கறாரு.]

4

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். புது வண்டி திருப்பதிக்குப் போனால் புத்தூர்ப் பக்கம் ரோட்டோரப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுத்தான் போவோம். அன்றும் நிறுத்தினோம். தேவசேனா சீட்டைச் சாய்த்து, காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டாள். நான் இறங்கித் தேங்காய் உடைத்தேன். [இங்க பூசாரின்னு எழுதி, கோடு போட்டு அடிச்சிருக்காரு.] சந்தனம் வைத்தாயிற்று. கிளம்பினோம்.

கால் மணி நேரம் கழித்து, ஒரு டிராக்டருக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். டிராக்டர் நின்றது. எங்கள் காருக்குள் ஒரு சத்தம் கேட்டது, திரையில் ஏதோ எழுத்து வந்தது. கார் நிற்கவில்லை.

தேவசேனா முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தாள். அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. டிராக்டருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

"பாத்தியா? மெஷின நம்பினா இப்பிடித்தான்," என்றேன். அந்த நிமிஷத்திலும் அதைச் சொல்ல எனக்கு வாய் வந்தது.

அவள் இறங்கினாள். பின்னால் நூறு வண்டி ஹார்ன் அடித்தது. நொண்டிக்கொண்டு முன்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். திரும்பி வந்து கைப்பையிலிருந்து பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்துக்கொண்டு போனாள். நோயாளியின் கையைத் துடைப்பதுபோல நிதானமாக, முகப்பில் கம்பெனிச் சின்னத்தின் மேல் அப்பியிருந்த சந்தனத்தைத் துடைத்தாள். முன்னால் இருப்பதைப் பார்க்கிற ரேடார் அந்தச் சின்னத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஏறி உட்கார்ந்து மறுபடி அதே வசதியைப் போட்டாள். கார் சரியாக வேலை செய்தது. டியூட்டிக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தாள்.

சாயந்தரம் முழங்கால் வீங்கிவிட்டது. நீ தோற்றுவிட்டாய் என்று நான் சொன்னேன். கொடுத்த வாக்கை மீறுகிறவள் இல்லை அவள். ஒன்றாம் தேதி ராஜினாமா கடிதம் கொடுப்பதாக முடிவு. இதை எழுதும் இன்றைக்கு முப்பத்தொன்று. கடிதம் அவள் பையில் இருக்கிறது.

5

இதுவரை நீங்கள் படித்தது நான் டீக்கடையில் சொன்ன கதை, கொஞ்சம் இலக்கியம் சேர்த்து. அதில் சந்தனம் வைத்தது யார் என்ற இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப எழுதுகிறேன்.

முதல் பிரதியில் பூசாரி வைத்தார். பாவம், அந்தக் கோயிலில் பூசாரியே கிடையாது.

இரண்டாம் பிரதியில் நான் வைத்தேன், தெரியாமல். பக்தியில் கை தாராளமாகிவிட்டது என்று எழுதினேன். படிக்க நெகிழ்ச்சியாக இருந்தது. தேவசேனாவும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் பிரதி இது. கார் எடுத்த அன்று அவள் உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஷோரூம் ஆள் கோபிகிருஷ்ணன் என்னை வெளியே காரிடம் கூட்டிப்போய்த் தெலுங்கில் சொன்னார்: "முந்து லோகோ மீத ஏமீ பூயொத்து சார். பசுபு, கந்தம் ஏதீ வத்து." முன்னால் இருக்கிற சின்னத்தின் மேல் எதையும் பூசக் கூடாது, மஞ்சளோ சந்தனமோ எதுவும் வேண்டாம். எனக்குத் தெலுங்கு நன்றாகப் புரியும். இதை அவளிடம் நான் சொல்லவில்லை.

பிள்ளையார் முன்னால் குனிந்தபோது எனக்கு அது ஞாபகம் இருந்தது. சின்னத்தின் மேல் ஒரு பூச்சு பூசினேன். மெல்லிசாகத் தெரிந்தது. இன்னொரு பூச்சு. பிறகு கிண்ணத்தில் இருந்ததை மொத்தமாக வழித்து அப்பினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அவள் ஜெயித்துக்கொண்டிருந்தாள், அதனால்தான். பத்தொன்பது வருடம் அவளைப் பஸ் ஏற்றிவிட்டவனும் கூட்டிவந்தவனும் நான். நாலு தறி நின்றபிறகு எனக்கு இருந்த வேலையே அதுதான். அந்தக் காரில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. அவள் வீட்டோடு இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கேட்டால் மாட்டேன் என்பாள் என்று தெரியும், அதனால் இப்படிச் செய்தேன். வெட்கமாக இருக்கிறது.

6

முடிவுகள்.

(அ) இந்த நோட்டைத் தறிக்கொட்டகை அடுப்பில் போடுகிறேன். நாளைக்கு அவள் கடிதத்தைக் கொடுக்கிறாள். டீக்கடையில் என் கதை தொடர்ந்து ஓடுகிறது.

(ஆ) அவள் படிக்கிறாள், அழுகிறாள், மன்னிக்கி... இதை எழுதக் கை வரவில்லை. மன்னிப்பை எனக்கு நானே எழுதிக்கொள்வது அசிங்கம்.

(இ) ஐந்தாம் பகுதியில் ஒரு வார்த்தையைக்கூட நீக்காமல் நோட்டை அவள் மேஜைமேல் வைக்கிறேன்.

மூன்றாவதைச் செய்கிறேன். அதற்குமேல் நடப்பதை எழுதும் உரிமை எனக்கு இல்லை. நீங்கள் இதை அச்சில் படிக்கிறீர்கள் என்றால், அவள் ஒவ்வொரு எழுத்தாக இதை அடித்திருக்கிறாள் என்று அர்த்தம். கீழே இடம் விட்டிருக்கிறேன்.

[அடிச்சேன். ஒரு எழுத்து மாத்தல.

ஆனா இவரு ஒண்ணு எழுதாம விட்டுட்டாரு. அந்த டிராக்டர் சும்மா போகல. பின்னாடி டிரெய்லர்ல காலத் தொங்கப் போட்டுக்கினு ஏழு பேரு உக்காந்து இருந்தாங்க. மலைக்குப் போறவங்க. ஒருத்தி மடியில கைக்கொழந்த. நான் பிரேக்கு போட்டு நின்னப்போ அவ முட்டி எங்க வண்டி பானெட்டுக்கு மேல இருந்தது. அவ என்னப் பாத்து சிரிச்சா, பயந்து சிரிக்கறாங்களே அப்பிடி. இவரும் பாத்தாரு. மூணு பிரதி எழுதினாரு, ஒண்ணுலயும் அவங்க இல்ல.

லெட்டரக் கிழிச்சிட்டேன். நாளைக்குக் காலையில ஆறரைக்கு வண்டி எடுக்கறேன், நாளன்னிக்கும் எடுப்பேன். காலு வலிச்சாலும் எடுப்பேன். அதுல பேச ஒண்ணும் இல்ல.

பக்கத்து சீட்டுதான் பாக்கி. இந்த மனுசன் இப்ப வாசல்ல செருப்பப் போட்டுக்கினு நிக்கறாரு, இன்னும் ஒண்ணும் கேக்கல. இவர ஏத்திக்கலாமான்னு அந்தக் கொழந்தக்காரியக் கேக்கணும், அவ யாருன்னு எனக்குத் தெரியாது. அதனால படிக்கிற உங்களக் கேக்கறேன்.]