சாயிரா பிடித்த மைக்

ஜஹாங்கீர் பேசத் தொடங்கினால் நிறுத்த ஆள் கிடையாது. தாராவியில் பெல்ட், மணிபர்ஸ் தைக்கும் பட்டறை வைத்திருந்தார். ஆனால் அக்கம்பக்கத்தில் அவரைத் தெரிந்தது மைக்கால்தான். பிப்ரவரியில் நடக்கும் டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டிக்கு எட்டு வருஷமாக அவர்தான் கமெண்டரி. பாதி நெல்லைத் தமிழ், பாதி பம்பாய் இந்தி.

சின்ன வயதிலிருந்தே அவருக்கு ஆஸ்துமா. காலையும் இரவும் இன்ஹேலர் பம்ப் இழுக்க வேண்டும். போன வருஷம் மழைக்கு முன்னால் மனைவி சாயிரா ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டபோது, "எனக்குக் குர்லாவுல டெலிவரி இருக்கு" என்று நழுவிவிட்டார்.

இந்த வருஷ இறுதிப்போட்டி ஞாயிற்றுக்கிழமை. வெள்ளி காலையில் சாயிரா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவர் தோல் வியாபாரியிடம் போனில் பேசுவது கேட்டது. நாலு வார்த்தை பேசினார். நிறுத்தி மூச்சு வாங்கினார். மறுபடி நாலு வார்த்தை. பதினாறு வருஷக் குடும்ப வாழ்க்கையில் இப்படிச் சிக்கனமாக அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. எழுந்து வந்து புறங்கையை அவர் கழுத்தில் வைத்தாள். கொதித்தது.

"எப்பத்துலருந்து மச்சான் காய்ச்சல்?"

"நேத்து சாயந்திரந்தான். மாத்திர போட்டாச்சு. யாருட்டயும் சொல்லாத புள்ள."

"பம்ப் இழுத்தியளா?"

இளைப்பு இல்லையே என்று ஒரு மாதமாக அதைத் தொடாமலிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை அவர் விரலில் மாட்டினாள். எப்போதும் 98 காட்டுவது 94 காட்டியது. சாயிரா மாவை மூடி வைத்தாள். கையைக் கழுவினாள்.

"சட்டையப் போடுங்க. கெளம்புவோம்."

மாட்டுங்காவில் டாக்டர் சுப்புலக்ஷ்மி நெபுலைசர் வைத்தார். கால் மணி நேரத்தில் மூச்சு சீரானது, எண் 96க்கு ஏறியது. மூக்கில் எடுத்த பரிசோதனையில் ஃப்ளூ என்று தெரிந்தது.

"நேத்துதானே ஆரம்பிச்சுது? நல்ல நேரத்துல வந்திருக்கேள்" என்றார் டாக்டர். "ஆஸ்துமா இருக்கறவாளுக்கு இது நெஞ்சுல இறங்கி நிமோனியா ஆயிடலாம். ரெண்டு நாளைக்குள்ள இந்த மாத்திரையை ஆரம்பிச்சா அந்த ஆபத்து குறையும். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, அஞ்சு நாள். பம்பை ஒரு வேளைகூட விடப்படாது." பிறகு சாயிராவிடம் திரும்பினார். "நம்பர் மறுபடி 94க்கு இறங்கினாலோ, உதடு நீலமானாலோ, ஒரு வாக்கியத்தை முழுசாப் பேச முடியலைன்னாலோ எனக்கு போன் பண்ணிண்டு நிக்காதீங்கோ. நேரே பெரிய ஆஸ்பத்திரி."

"ஞாயித்துக்கிழமை கமெண்டரி இருக்கு டாக்டர்..."

"மைக்ல இருமி ஊருக்கெல்லாம் குடுக்கப் போறேளா?"

அன்று மாலை போட்டி நடத்தும் இஜாஸ் வாசலில் தள்ளி நின்றே தலையில் கைவைத்தான். "பாய், இனிமே ஆளுக்கு எங்க போறது?"

"நான் பேசுதேன்" என்று அடுப்படியிலிருந்து சாயிராவின் குரல் வந்தது.

ஜஹாங்கீர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஒனக்குக் கிரிக்கெட்ல என்ன தெரியும்?"

"பந்து தெரியும், மட்டை தெரியும். மிச்சத்துக்குக் கண்ணு இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை மகள் சஃப்ரீன் முகக்கவசத்தோடு வாப்பாவுக்குக் காவல் இருந்தாள். சன்னலைத் திறந்தால் ஒலிபெருக்கி வீட்டுக்கே கேட்கும். மைதானத்தில் சாயிராவுக்கு முதல் ஓவரில் நாக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது ஓவரில் அது தானாக அவிழ்ந்தது.

"செவப்புச் சட்டைத் தம்பி அம்புட்டுத் தூரத்துலருந்து ஓடி வாரான். பக்கத்துல நின்னே போடலாம், யாரும் சொல்லிக்குடுக்கல போல. அடிச்சிட்டான்! பந்து மேல போவுது, போவுது, பேகம் மாமி தகரக் கூரைல விழுந்துட்டு! மாமி, பயப்படாதிய, பந்துதான்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இடைவேளையில் யாரோ, "ஜஹாங்கீர் பாய் கிதர்?" என்று கத்தினார்கள்.

"வீட்ல படுத்திருக்காவ. ஃப்ளூ. மறுநாளே மாத்திர எடுத்ததால வீட்ல இருக்காவ, இல்லன்னா ஆஸ்பத்திரில இருந்திருப்பாவ. ஆஸ்துமா, சுகர் உள்ளவங்க, வயசாளிங்க, மாசமா இருக்க பொம்பளையளு, காய்ச்சல் வந்தா நாலு நாள் பாப்போம்னு இருக்காதிய. ஊசி போடாதவங்க போடுங்க. எங்க வீட்டுக்காரர் மாதிரி குர்லாவுக்கு ஓடிராதிய!"

அதற்குத்தான் அன்றைக்குப் பெரிய கைதட்டல்.

அவள் வீடு திரும்பியபோது ஜஹாங்கீர் காத்திருந்தார். "ஏட்டீ, அவன் கோட்டத் தாண்டி கால வச்சான், அம்பயர் கைய நீட்டுதான்னு மைக்ல நீயே சொல்லுத, அது நோ பால், அப்புறமும் அவுட்டுன்னு எல்லாரையும் கைதட்டச் சொல்லுத, இஜாஸ் என்ன நெனப்பான்?"

சாயிரா நோ பாலைக் கவனிக்கவே இல்லை. ஒரே மூச்சில் அத்தனை வார்த்தைகள்! "இன்னும் திட்டுங்க மச்சான்" என்று சிரித்தாள்.

"மம்மீ, 97! மஸ்த்!" என்று ஆக்ஸிமீட்டரைக் காட்டினாள் சஃப்ரீன்.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல் விட்டது. அடுத்த வாரம் டாக்டர் முதுகில் ஸ்டெத்தை வைத்துக் கேட்டு, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார். ஊசியை அன்றைக்கே போடச் சொல்லி ஜஹாங்கீர் சட்டைக் கையை மடக்கினார். இன்னும் இரண்டு வாரம் தேறட்டும் என்று டாக்டர்தான் தடுத்தார். இரண்டு வாரம் கழித்துப் போனவர், பட்டறை ஆட்கள் ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு போனார்.

இதற்கிடையில் பக்கத்திலிருக்கும் சுனாபட்டியில் போட்டி நடத்துபவர்கள் வீடு தேடி வந்தார்கள். சனிக்கிழமை அவர்களுடைய அரையிறுதிக்கு கமெண்டரி வேண்டும், அந்த அக்காதான் வேண்டும் என்றார்கள். ஜஹாங்கீர் அரை நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு சப்பாத்திக் கட்டையை மட்டையாகவும் சாயிராவின் காலையே காலாகவும் வைத்து, எல்.பி.டபிள்யூ என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தார். மூன்று முறை விளக்கினார். அவளுக்குப் புரியவில்லை.