கந்தப்பன் தலை தூக்கும் விதம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் அவமானத்தில் பிறந்தது. போன வருஷம் சேலத்தில் ஒரு நண்பர் என்னைப் பில்லியர்ட்ஸ் மேசைக்கு இழுத்துப் போனார். அரை மணி நேரத்தில் பதினேழு முறை "தலையைத் தூக்காதே" என்றார். அப்புறம் களைத்துப்போய்க் காப்பி குடிக்கக் கிளம்பிவிட்டார். எனக்குத் தானாக வந்த அந்தத் தப்பை வேண்டுமென்றே, அழகாகச் செய்கிற ஒருவனை எழுதிப் பழிவாங்குவது என்று வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "1938. சேலத்து வெயில் கிளப்பின் ஓட்டுக்கூரை மேல்—"

(வேண்டாம். வெயில் இல்லாமல் சேலத்தைத் தொடங்கத் தெரியாதா எனக்கு?)

இரண்டாவது: "அம்மாபேட்டைத் தறிக்காரர் மகன் கந்தப்பனுக்கு, தறியில் நாடா ஓட்டிய கை என்பதால், குச்சியும் நேராகவே—"

(புளுகு. அம்மாபேட்டையில் பிறந்தவன் எல்லாம் தறியிலா பிறந்தான்? கந்தப்பனின் அப்பா சுண்ணாம்பு விற்றவர்.)

ஆக, இப்படி வைத்துக்கொள்வோம். 1938-இல், சேலத்து வெள்ளைக்காரர் கிளப் ஒன்றில் கந்தப்பன் மார்க்கர். பந்துகளை எடுத்து வைப்பது, புள்ளி சொல்வது, துணைக்கு ஆள் இல்லாத துரைமாரோடு ஆடுவது அவன் வேலை. கிளப்புக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறை கொடுத்திருந்தார்கள். அதில் மனைவி உண்ணாமலையும், பிறந்து பன்னிரண்டே நாளான பெண் குழந்தையும் இருந்தார்கள்.

3

துரைமாரின் கெட்ட பழக்கங்கள் அவனுக்கு அத்துப்படி. ஒருவர் கோழியின் கழுத்தைத் திருகுவதுபோலக் குச்சியைப் பிடிப்பார். ஒருவர் அடிக்கும்போதே எழுந்து நிற்பார். இன்னொருவர் பந்தைத் தொட்டதும் கை சுட்டதுபோலக் குச்சியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். கந்தப்பனோ பிடியைத் தளர்த்தி, தோள் அசையாமல், முழங்கைக்குக் கீழே மட்டும் ஆட்டி, பந்தைத் தாண்டியும் குச்சியைப் போகவிடுவான்.*

* படித்துத் தெரிந்துகொண்டது. என்னைச் செய்துகாட்டச் சொல்லாதீர்கள்.

ஆனால் மார்க்கர் ஜெயிக்கக் கூடாது. எங்கும் எழுதிவைக்காத சட்டம் அது. அசிங்கமாகத் தோற்றாலும் துரைக்குக் கோபம் வரும். அதனால் கடைசிப் பந்தில், குச்சி பந்தைத் தொடும் நொடியில், தலையை ஒரு விரற்கடை தூக்குவான். தலையோடு தோள் எழும், குச்சி இம்மி விலகும், பந்து குழியின் விளிம்பு வரை போய் நின்றுவிடும். "அடடா, கந்தப்பா!" என்று துரைக்கு மனம் குளிர்ந்துவிடும். பதினோரு வருஷம் இப்படியே தோற்றான்.

4

கிளப்பில் சேர்ந்த முதல் நம்மூர்க்காரர், எடப்பாடிப் பக்கத்துப் பண்ணையார் அப்புசாமிக் கவுண்டர்.

(இவரை முதலில் வில்லனாக எழுதினேன். மீசை வரைக்கும் வைத்துவிட்டேன். வாயைத் திறந்து பேசியதும் எனக்கே இரக்கமாகிவிட்டது.)

மூன்று வாரம் தொடர்ந்து கவுண்டர்தான் ஜெயித்தார். நான்காவது வாரம், துரைமார் இன்னும் வந்துசேராத ஒரு சாயங்காலம், குச்சியைத் தொடாமலே நின்றார்.

"ஏப்பா கந்தப்பா, எல்லாப் பந்தும் உளுகுது. கடைசிப் பந்து மட்டும் ஒருக்காலும் உளுகறதில்லையே, அதெப்படி?"

"கை தவறிப்போச்சுங்க சாமி."

"கை இல்லடா, தல. பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன். மார்க்கரையே கெலிச்சுப்போட்டேன்னு ஊட்லயும் ஊர்லயும் பெரும பேசிப்போட்டு வந்திருக்கறேன். நீ எனக்குப் பிச்ச போட்டிருக்கற."

கந்தப்பன் பந்துகளைப் பொறுக்கி வைக்க ஆரம்பித்தான்.

"இன்னைக்கு ஒழுங்கா ஆடு. கடைசிப் பந்துல தல எந்திரிச்சுதுன்னா நாளைக்கு அந்த ரூமக் காலி பண்ணிப்போடு. செக்ரட்டரிகிட்ட நானே சொல்லிப்போடறேன்."

"சரிங்க சாமி."

நன்றாக ஆடு என்பது எவ்வளவு லேசான உத்தரவு! ஆனால் கந்தப்பனுக்குப் பயமாக இருந்தது. ஜெயித்தால் மட்டும் கவுண்டர் பொறுத்துக்கொள்வாரா? அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. போன மாதம் ஒரு காலையில், ஆளில்லாத மேசையில் தனியாக அடித்துப் பார்த்தான். கடைசிப் பந்தில் தலை தானாக எழுந்தது. மறுபடி அடித்தான், மறுபடி எழுந்தது. ஒன்பது தடவை. தோற்றுக்கொடுக்க வேண்டிய ஆள் ஒருவர்கூட எதிரில் இல்லை.

5

ஆட்டம் சமமாக வந்து நின்றது. மிச்சம் ஒரே ஒரு பந்து, மூலைக் குழிக்கு ஒரு முழத்தில் கிடந்தது.

முடிவு ஒன்று: பந்து விழுகிறது, கவுண்டர் கந்தப்பனைக் கட்டிப்பிடித்து— (கவுண்டர் மார்க்கரைக் கட்டிப்பிடித்தால் அது 1938 இல்லை.)

முடிவு இரண்டு: தலை எழுகிறது. மறுநாள் உண்ணாமலை குழந்தையும் தட்டுமுட்டுச் சாமானுமாகத் தெருவில்— (எழுதினேன், அழுதேன், கிழித்தேன். நான் அழுது சுகப்பட ஒரு பச்சைக் குழந்தையை வெயிலில் நிறுத்துவதா?)

மூன்றாவதை அவனிடமே விட்டேன்.

கந்தப்பன் குனிந்தான். மோவாய் குச்சியைத் தொட்டது. பின்னறையில் குழந்தை வீரிட்டு அழ ஆரம்பித்தது. கழுத்து இப்போதே எழப் பார்த்தது. எதை இத்தனை ஆவலாகத் தேடுகிறது இந்தக் கழுத்து என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. எதிரே நிற்பவருக்குச் சந்தோஷமா என்று முகம் பார்க்கத் தேடுகிறது. அவனுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது, கண் கலங்கியது. பச்சைத் துணியை முறைத்துப் பார்த்துக்கொண்டே அடித்தான்.

தலை எழவில்லை.

பந்து உருண்டது. குழந்தையின் அழுகையில் விழுந்த சத்தமோ நின்ற சத்தமோ கேட்கவில்லை.

"உளுந்துதுங்களா சாமி?" என்று குனிந்தபடியே கேட்டான்.

கவுண்டர் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் அவனோடு குனிந்தே இருக்கிறேன், எனக்குத் தெரியாது. மேசைக்கு அந்தப் பக்கம், கவுண்டருக்கு அருகில் நிற்பவர் நீங்கள். பந்தும் தெரியும், அவர் முகமும் தெரியும். அவன் இன்னும் நிமிரவில்லை. சொல்லிவிடுங்கள்.