ஈரப் போர்வையின் மறுமுனை

அக்காவுக்கு வலது தோள் விண்விண்ணென்று தெறித்தது. மெஷினிலிருந்து ஈரப் போர்வையை இழுக்கப் போனவளைச் சுருட்டைமுடிக்காரி வழக்கம்போல இடித்துத் தள்ளிவிட்டுத் தானே இழுத்தாள். வாய் மட்டும் தங்கையோடு ஸ்பானிஷில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வெளிநாட்டுச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அக்காவும் சுருட்டையும், ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமல், வருடக்கணக்காகக் கைச்சாடையிலேயே குப்பை கொட்டியவர்கள். தங்கைக்குப் பள்ளி இறுதி வகுப்பில் ஸ்பானிஷ் வாய்மொழித் தேர்வு. "அவங்க ஊர்க் கல்யாணம், சினிமா எல்லாம் கேக்கணும்க்கா" என்று வந்து ஒட்டிக்கொண்டவள், ஒரே வாரத்தில் சுருட்டைக்கு உயிர்த்தோழியாகிவிட்டாள். அக்காவுக்கு வயிறு எரிந்தது.

இருவரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"என்னடி, என் தலையை உருட்டுறீங்களா?"

"ஆமா. உன் தோள்வலி அவங்களுக்கு எப்பவோ தெரியுமாம். அதான் கனமான வேலைய உன்கிட்ட இருந்து பிடுங்கிக்கிறாங்களாம். நீதான் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிறியாம்."

அதிகாரம் பண்ணுகிறாள் என்றல்லவா அக்கா இத்தனை நாளும் கறுவிக்கொண்டிருந்தாள்! தப்பாக நினைத்துவிட்டேன் என்பதை ஸ்பானிஷில் எப்படிச் சொல்வதென்று கேட்க வாயெடுத்தாள். அதையும் தங்கையிடமா கேட்பது என்று ரோஷம் வந்தது. போர்வையின் மறுமுனையைப் பிடித்துச் சுருட்டையோடு சேர்ந்து உதறினாள்.

சுருட்டையிடம் அவள் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.